கணவருக்கு நியமனக் கடிதம், மனைவிக்குப் பயணச்சீட்டு மட்டும்: பாப்புவா நியூ கினியில் ஊழியம் தொடங்கியிருக்கும் எங்களுக்கு ஆலோசனை தேவை

கேட்பவர்: கல்குளத்துக்காரர்

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நானும் என் மனைவியும் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். நான் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றேன். அவர் அரசு உதவி பெறும் பள்ளியில் கணித ஆசிரியையாகச் சேர்ந்து தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றார். பிள்ளைகளின் கடமைகள் முடிந்த பிறகு, கையும் காலும் நன்றாக இருக்கும்போதே சில ஆண்டுகளை ஊழியத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று இருவரும் சேர்ந்துதான் ஜெபித்தோம், சேர்ந்துதான் விண்ணப்பித்தோம். இப்போது பாப்புவா நியூ கினியின் கிழக்கு நியூ பிரிட்டன் மாகாணத்தில், கொக்கோப்போ நகரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி, சபை ஊழியர்களைப் பயிற்றுவிக்கும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறோம். அதன் பெயரை எழுதாமல் விடுவதே முறை என்று நினைக்கிறேன்.

ஊரைப் பற்றி எங்களுக்குக் குறையே இல்லை. தென்னை, வாழை, மரச்சீனிக் கிழங்கு, மீன் என்று எங்கள் ஊரின் சாப்பாடே இங்கும் கிடைக்கிறது. அரிசி கடையில் கிடைக்கிறது, ஆனால் விலை அதிகம். புளி, வெந்தயம், நல்ல மிளகாய்ப் பொடி ஆகியவற்றைத்தான் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி வாங்க வேண்டியிருக்கிறது. வெற்றிலை பாக்குப் போடுவதில் இவர்கள் நம் பாட்டிமார்களையும் மிஞ்சுவார்கள், ஆனால் இலைக்குப் பதிலாக அந்தக் கொடியின் நீண்ட காயைச் சுண்ணாம்பில் தொட்டுக் கடிக்கிறார்கள். நிலம் அடிக்கடி நடுங்குவது மட்டும் இன்னும் பழகவில்லை. 1994 செப்டம்பரில் எரிமலைச் சாம்பல் அருகிலுள்ள ரபாவுல் நகரத்தை மூடிய கதையை எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லக் கேட்ட பிறகு, இரவில் கட்டில் அசைந்தால் இருவரும் விழித்துக்கொள்கிறோம்.

என் கேள்வி வேறு. நியமனக் கடிதம் என் பெயரில் இருக்கிறது, அதில் கணக்கு அலுவலகத்தைச் சீர்படுத்துவது என் பொறுப்பு என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். மனைவியைப் பற்றி அதில் ஒரே ஒரு வரிதான் உண்டு, அதுவும் விமானச் செலவு பற்றியது. நான் காலையில் அலுவலகம் போய்விடுகிறேன். அவர் வீட்டைத் துப்புரவு செய்து, வேதம் வாசித்து, சமைத்து, பிறகு மணி பார்த்துக்கொண்டிருக்கிறார். நமக்கும் இவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம் என்பதால், பேரப்பிள்ளை பள்ளி விட்டு வீட்டுக்கு வரும்போது இங்கே இரவு எட்டரை ஆகிவிடுகிறது. அதுவரை பேச ஆள் இல்லை.

இங்குள்ள பெண்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். அன்பு மிகுதியாகத்தான் இருக்கிறது. எல்லாரும் அவரை 'மாமா' என்று, அதாவது அம்மா என்று, அழைக்கிறார்கள். குடத்தைக் கையில் எடுத்தால் பிடுங்கிக்கொள்கிறார்கள். சென்ற வாரம் ஒரு விருந்துக்காகப் பெண்கள் வட்டமாக அமர்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். நம் ஊர்த் துருவியைப் போலவே சிறிய பலகையில் அமர்ந்து, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பல்லில் தேங்காய் மூடியைத் திருப்பித் திருப்பித் துருவுகிறார்கள். என் மனைவி ஆசையோடு போய் ஒரு பலகையில் அமர்ந்து இரண்டு மூடி துருவியிருப்பார். அதற்குள் ஒரு பெண் வந்து அவருடைய கையைப் பிடித்து எழுப்பி, மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, குடிக்க இளநீரும் கொடுத்துவிட்டுப் போனார். அன்று வீடு திரும்பும் வரை என் மனைவி ஒன்றும் பேசவில்லை.

இப்படி ஒருவருக்குப் பணியும் மற்றவருக்கு ஓய்வுமாகப் போன தம்பதியர் எப்படிச் சமாளித்தீர்கள்? ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றும் ஒரு யோசனை இருக்கிறது. எனக்குச் சர்க்கரை நோய் உண்டு, மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மனைவிக்கு ஒருமுறை மலேரியா வந்து போயிற்று. அது குறித்தும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

மறுமொழி: நெய்யூர் செவிலி

அண்ணன் அவர்களுக்கு ஸ்தோத்திரம். முதலில் மலேரியாவைப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குப் பொறுமை காட்டக் கூடாது. அந்த நாட்டில் ஃபால்சிபாரம், வைவாக்ஸ் என்ற மலேரியா வகைகள் இரண்டுமே பரவலாக உண்டு. அக்காவுக்கு வந்தது எந்த வகை என்று இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பாருங்கள். வைவாக்ஸாக இருந்தால், காய்ச்சல் இறங்கிய பிறகும் கிருமி கல்லீரலில் உறங்கிக்கிடந்து மாதங்கள் கழித்துத் திரும்ப எழும்பக்கூடும். அதை வேரோடு அறுக்க பிரைமாகுயின் என்ற மாத்திரையைக் கொடுப்பார்கள். ஆனால் ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை இரத்த அணுக்களை உடைத்துவிடும் என்பதால், அதற்கான பரிசோதனையைச் செய்யாமல் ஒருபோதும் விழுங்கக் கூடாது. உங்கள் பக்கத்தில் வுனாபோப்பேயில் கத்தோலிக்க மருத்துவமனை இருக்கிறது, அங்கே கேட்டுப் பாருங்கள். நீங்கள் சர்க்கரைக்காரர் என்பதால் வீட்டு முற்றத்தில்கூடச் செருப்பில்லாமல் நடக்காதீர்கள். அந்த ஈர வெப்பத்தில் சிறிய கீறலும் புண்ணாகும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நானும் என் கணவரும் சாம்பியாவில் தாமிரச் சுரங்கப் பகுதியான கிட்வேயில், ஐக்கிய சபையின் அழைப்பில் சில ஆண்டுகள் இருந்தோம். எங்கள் வீட்டில் நிலைமை சற்று வேறு மாதிரி இருந்தது. என்னைச் செவிலியாகப் பயன்படுத்துவார்கள் என்று வாய்மொழியாகச் சொல்லித்தான் அனுப்பினார்கள். போன பிறகுதான், அந்த நாட்டுச் செவிலியர் மன்றத்தில் பதிவு செய்யாமல் நோயாளியின் உடலில் ஊசி முனையைக்கூட வைக்க முடியாது என்பது தெரிந்தது. வாழ்நாள் முழுவதும் வார்டு நடத்திய நான், வாசலில் நிற்கும் உறவினரைப் போல நின்றேன். நியாயமான சட்டம்தான். நம் ஊரில் வெளிநாட்டுச் செவிலி ஒருவர் பதிவில்லாமல் வந்து நின்றால் நாமும் விடமாட்டோம். ஆனால் இதைப் புறப்படும் முன் ஒருவர் சொல்லியிருக்க வேண்டும்.

அதன்பின் நானே மேலதிகாரியிடம் போய், எனக்கும் ஒரு கடிதம் வேண்டும் என்று கேட்டேன். சம்பளம் கேட்கவில்லை. என் பெயர், என் பணி, நான் யாரிடம் கணக்கு ஒப்புவிக்க வேண்டும், வாரத்தில் எத்தனை நாள் என்பவற்றை ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்டேன். மருந்துக் கிடங்கின் இருப்பேடுகளை ஒழுங்குபடுத்துவதும், கிராமச் சுகாதாரத் தொண்டர்களுக்குக் கைகழுவும் முறையிலிருந்து பாடம் நடத்துவதும் என் பொறுப்பாயின. ஊசி போடவில்லை என்றாலும் அந்தத் தாள் வந்த நாளிலிருந்து மக்கள் என்னிடம் காரியம் கேட்டு வரத் தொடங்கினார்கள். தாள் இல்லாதவரையில் நான் ஒரு விருந்தாளி, விருந்தாளியிடம் யாரும் வேலை சொல்லமாட்டார்கள்.

நாம் எந்த மண்ணிலிருந்து போகிறோம் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் சங்கத்தின் சார்லஸ் மால்ட் ஐயரோடு அவருடைய மனைவி மார்த்தா அம்மையாரும் வந்தார். சங்கத்தின் ஏட்டில் மிஷனரி என்று நின்றது கணவர் பெயர்தான். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியதும், அந்தப் பிள்ளைகளின் கையில் லேஸ் பின்னும் ஊசியைக் கொடுத்து அவர்களுக்கென்று வருமானத்தை உண்டாக்கியதும் அம்மையார். இதை மேடையில் பெருமையாகப் பேசுகிறோம். இருநூறு ஆண்டுகள் கழிந்தும் மனைவியின் பெயரைப் பயணச்சீட்டில் மட்டும் எழுதி அனுப்புகிறோமே என்பதைப் பற்றி எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

மறுமொழி: மேற்கு மாவட்டப் போதகர்

செவிலி அம்மா சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஊழியர்களை அனுப்புவதும் பெறுவதுமான அலுவலகப் பணியில் சில காலம் இருந்தவன் என்ற முறையில், நடைமுறைக் காரியங்கள் சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

கடிதம் கேட்பதற்கு முன் அம்மாவின் விசா எந்த வகை என்று பாருங்கள். பணியாளரைச் சார்ந்து வந்தவர் என்ற வகையில் இருந்தால், ஊதியமில்லாத சேவையாக இருந்தாலும் அது அந்த விசாவின் விதிகளுக்குள் அடங்குமா என்பதை உங்களை அழைத்த சபையே குடிவரவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுத் தெளிவுபடுத்த வேண்டும். அதைச் செய்யாமல் வகுப்பெடுக்கத் தொடங்கினால், சபையை விரும்பாத ஒருவர் எழுதும் ஒரு மொட்டைக் கடிதம் போதும், இருவரின் அனுமதியும் சிக்கலுக்கு உள்ளாகும். அதோடு அனுப்பிய இடத்துக்கும் எழுதுங்கள். இந்த ஒப்பந்தத்தின் மறுஆய்வு நாள் எது, அந்த ஆய்வில் மனைவியும் தனியாகப் பேச இடம் உண்டா என்று கேளுங்கள். திரும்பிப் போவதா என்ற முடிவை அந்த நாளுக்கு முன் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து, ஏனென்றால் தொடக்க மாதங்களில் எடுக்கப்படும் முடிவுகளில் பாதி உடல் அசதியில் எடுக்கப்படுபவை.

மருத்துவக் காப்பீட்டில், அவசர நிலையில் விமானத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகும் செலவு அடங்குகிறதா என்று பாருங்கள். அந்த நாட்டில் பெரிய இருதயச் சிகிச்சை என்றால் அங்கே போக நேரிடலாம், சாதாரணப் பயணக் காப்பீடு அறுபது வயதுக்கு மேல் அந்த அளவுக்கு வராது. முன்பே இருந்த நோய் என்று சர்க்கரையைக் காட்டி மறுக்காதபடிக்கும் எழுத்தில் வாங்குங்கள்.

ஓய்வூதியத்தில் இருவருக்கும் வழி வேறு வேறு. ஐயா வங்கி ஓய்வூதியர் என்பதால் நவம்பரில் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும். அம்மா கருவூலத்தின் வழியாகப் பெறுகிறவர் என்பதால் ஆண்டு நேர்காணல் உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பத்தோடு அனுப்பலாம். போர்ட் மோர்ஸ்பியில் நம் தூதரகம் இருக்கிறது, ஆனால் அங்கே உங்கள் தீவிலிருந்து விமானத்தில்தான் போக முடியும். ஆகையால் சபையின் வேலையாக ஐயா தலைநகருக்குப் போகும் பயணம் ஒன்றோடு அம்மாவையும் அழைத்துப்போய் இரண்டு சான்றுகளையும் ஒன்றாக முடித்துவிடுங்கள். வங்கிக் கணக்கை வெளிநாட்டில் வசிப்பவருக்குரிய கணக்காக மாற்ற வேண்டியதை வங்கியிலேயே இருந்த ஐயாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடன் கேட்டு வருவார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். பள்ளிக் கட்டணம், சாவுச் செலவு, படகுக்கு எண்ணெய் என்று காரணங்கள் எல்லாம் உண்மையாகவே இருக்கும். அந்தச் சமூகத்தில் உறவினர் கேட்டால் இல்லை என்று சொல்வது பெரும் குற்றம், நீங்களும் இப்போது உறவினர் கணக்கில் சேர்ந்துவிட்டீர்கள். ஆனால் கணக்கு அலுவலகத்தில் அமர்ந்திருப்பவர் தனிப்பட்ட முறையில் கைமாற்று கொடுக்கத் தொடங்கினால், அலுவலகப் பணமும் அப்படிக் கிடைக்கும் என்ற எண்ணம் பரவும். கொடுக்க விரும்பும் தொகையை மாதந்தோறும் சபையின் உதவி நிதியில் காணிக்கையாகப் போட்டுவிட்டு, கேட்பவர்களை மூப்பர்களிடம் அனுப்புங்கள்.

ஒன்றைக் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் இருக்கும் அந்தத் தீவுகளுக்கு 1875இல் மெதடிஸ்ட் மிஷனின் ஜார்ஜ் பிரௌன் கொண்டுவந்த முதல் ஊழியர்கள் வெள்ளைக்காரர்கள் அல்லர், ஃபிஜித் தீவினரும் சமோவாத் தீவினரும் ஆவர், சிலர் மனைவியரோடு வந்தார்கள். அந்த மெதடிஸ்ட் சபையும், தெற்கே பாப்புவாவில் லண்டன் மிஷன் உருவாக்கிய சபையும் 1968இல் இணைந்ததுதான் அங்குள்ள இன்றைய ஐக்கிய சபை. நம் தென்னிந்தியத் திருச்சபை 1947இல் இணைந்ததைப் போன்ற கதைதான். வெப்ப நாட்டிலிருந்து வெப்ப நாட்டுக்கு, கிழங்கு தின்கிறவர்களிடமிருந்து கிழங்கு தின்கிறவர்களிடம் ஊழியர் போவது அவர்களுக்குப் புதிதல்ல. ஆகவே அங்கே நீங்கள் விளக்கிச் சொல்ல வேண்டியது குறைவாகவே இருக்கும்.

மறுமொழி: முன்னாள் லாயே ஆசிரியர்

நான் சபை ஊழியத்தில் போனவன் அல்லன், அந்த நாட்டின் லாயே நகரத்தில் ஒப்பந்த ஆசிரியராக இருந்தவன். மேலே இருவரும் கடிதத்துக்குக் கொடுக்கும் முக்கியத்துவத்தை நான் ஏற்கவில்லை. தாள் வந்துவிட்டால் அம்மாவுக்கு வேலை கிடைக்கலாம், ஆனால் அந்தப் பெண்களின் வட்டத்தில் இடம் கிடைக்காது. அங்கே 800க்கும் மேற்பட்ட மொழிகள் உண்டு, எல்லாரையும் இணைப்பது டோக் பிசின் என்ற பொதுமொழி. அதில் பேசத் தொடங்காதவரையில் எந்த நியமனமும் அலுவலக வாசலைத் தாண்டாது. ஆங்கிலம் தெரிந்தவர்கள் கல்லூரியில் இருப்பதால் உங்களுக்கு அந்தக் கட்டாயம் தோன்றவில்லை. சந்தையில் காய் விற்கும் பெண்ணிடம் ஆங்கிலம் செல்லாது.

தேங்காய் துருவும் இடத்தில் அவரை எழுப்பியதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வயதில் மூத்தவரைத் தங்கள் விருந்துக்கு உழைக்க விட்டார்கள் என்று அக்கம்பக்கத்தார் பேசினால் அது அவர்களுக்குத்தான் வெட்கம். விருந்துக்குக் கைவீசிக்கொண்டு போகாமல் ஒரு தார் வாழைக்காயோ, அரிசியோ எடுத்துப் போங்கள். கொண்டுவந்து வைத்தவருக்கு அந்த விருந்தில் பங்கு உண்டு, அதன் பிறகு அவர் எங்கே அமர்ந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். அதைவிடச் சிறந்தது தோட்டம். அங்கே வீட்டுக்கொரு கிழங்குத் தோட்டம் இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. ஆனால் உங்கள் பகுதியில் வாழும் டோலாய் மக்களின் நிலம் தாய்வழிக் குலத்துக்கு உரியது என்பதால், காலியாகக் கிடக்கிறது என்று நீங்களாகக் கொத்திவிடாதீர்கள். வளாகத்துக்குள் ஒரு துண்டு நிலத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை உங்கள் பகுதி லாயேயையும் போர்ட் மோர்ஸ்பியையும் விட எவ்வளவோ அமைதியானது. ஆனாலும் அம்மா தனியாகச் சந்தைக்குப் போகாமல், வளாகத்துப் பெண்களோடு அவர்கள் ஏறும் வண்டியிலேயே போய் வருவது நல்லது. பேச்சும் அந்த வண்டியில்தான் பழகும்.

நேரம் கிடைத்தால் பிட்டா பாக்காவில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வாருங்கள். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு அந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்தியப் படைவீரர்கள் பலர் அங்கே இருக்கிறார்கள். நம் ஊரிலிருந்து போகிறவர்களில் பெரும்பாலோர் அதை அறியாமலே திரும்பிவிடுகிறார்கள்.

மறுமொழி: கல்குளத்துக்காரரின் மனைவி

இத்தனை பேர் என்னைப் பற்றியே எழுதியிருக்க, நான் பேசாமல் இருப்பது சரியல்ல என்று என் கணவரின் கணக்கிலிருந்தே எழுதுகிறேன். அவர் எழுதியதில் பெரும்பகுதி உண்மைதான். ஆனால் அன்று வீடு வரும்வரை நான் பேசாததற்குக் காரணம் துயரம் அல்ல, கோபம். அந்தப் பெண்கள் மீதான கோபமும் அல்ல. நாற்காலியில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, நல்ல மரியாதை செய்கிறார்கள் என்று அவர் திருப்தியாகச் சொன்னதற்காகத்தான்.

நெய்யூர் அக்காவின் யோசனையும் லாயே ஆசிரியரின் யோசனையும் எனக்கு ஒன்றுக்கொன்று எதிராகப் படவில்லை. இங்கே பயிற்சிக்கு வந்திருக்கும் ஆண்கள் மனைவி மக்களோடு தங்கியிருக்கிறார்கள். அந்தப் பெண்கள் தோட்டத்தில் விளைவதைச் சந்தையில் விற்றுத்தான் குடும்பத்துக்குக் கைச்செலவு பார்க்கிறார்கள். ஒரு பெண் கீரைக்கட்டும் வேர்க்கடலையும் விற்ற காசை எண்ணும்போது பக்கத்தில் இருந்திருக்கிறேன். நாணயங்களை வகை பிரித்து அடுக்குவதில் என்னைவிட வேகமாக இருந்தார். வண்டிக் கூலியைக் கழித்தால் அன்று மிஞ்சியது எவ்வளவு என்று கேட்டேன், அப்படி ஒரு கணக்கை அவரிடம் யாரும் கேட்டதில்லை போலும், சிரித்துவிட்டார். அவருடைய மகளை அழைத்து எழுதிப் பார்க்கச் சொன்னார். எனக்குத் தெரிந்த கணிதத்துக்கு இங்கே இடம் இருக்கிறது. அதை அவர்கள் மொழியில் சொல்லத்தான் எனக்குத் தெரியாது. ஆகவே முதலில் அந்த மகளிடம் நான் டோக் பிசின் படிப்பதாகவும், பதிலுக்கு அவளுக்குப் பின்னங்கள் சொல்லிக்கொடுப்பதாகவும் பேசியிருக்கிறோம். இதற்கு விசா விதி குறுக்கே நிற்காது என்று நம்புகிறேன். வகுப்பாக நடத்துவதற்கு முன், போதகர் ஐயா சொன்னபடி முதல்வரிடம் எழுத்து மூலம் கேட்கிறேன். அந்தக் கடிதத்தை நானே எழுதி நானே கையெழுத்திடுகிறேன், என் கணவர் தட்டச்சு செய்து கொடுத்தால் போதும்.

ஊருக்குத் திரும்பும் யோசனை அவருடையது, என்னுடையது அல்ல. எனக்காக என்று சொல்லித்தான் அவர் அதை யோசிக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும்.

செவிலி அக்காவிடம் ஒரு கேள்வி. என் பரிசோதனைச் சீட்டில் வைவாக்ஸ் என்றுதான் இருக்கிறது, எனக்கு அந்த மாத்திரையைத் தரவில்லை. காய்ச்சல் வந்து போய்ப் பல வாரங்கள் ஆன பிறகும் ஜி-6-பி-டி பரிசோதனை செய்து அந்த மருந்தைத் தொடங்கலாமா, அல்லது மறுபடி காய்ச்சல் வந்தால்தான் கொடுப்பார்களா?

மறுமொழி: நெய்யூர் செவிலி

அக்கா, மறுபடி காய்ச்சல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கல்லீரலில் தங்கியிருக்கும் கிருமிக்காகத்தான் அந்த மருந்து என்பதால் பிறகும் தொடங்கலாம். ஆனால் பரிசோதனை முடிவைப் பார்த்து அளவையும் நாட்களையும் மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். போகும்போது பழைய சீட்டையும், நீங்கள் அப்போது சாப்பிட்ட மாத்திரைகளின் பெயரையும், இப்போது வேறு ஏதேனும் மருந்து எடுத்துக்கொண்டால் அதையும் எழுதிக்கொண்டு போங்கள். மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள், குமட்டும். சிறுநீர் கறுத்துப் போனால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.